குடியும் பள்ளியும்: கல்முனைக் கரையோரப் பள்ளிவாசல்களின் வரலாற்றை நோக்கும் முறை

காரைதீவுச் சந்தியிலிருந்து கல்முனை வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்லும் ஒருவருக்கு ஓர் ஊர் எங்கே முடிகிறது, மற்றோர் ஊர் எங்கே தொடங்குகிறது என்று சொல்லுதல் அரிது. காரைதீவின் தமிழ்க் குடியிருப்பை ஒட்டியே மாளிகைக்காடு கிடக்கிறது. அதனையடுத்துச் சாய்ந்தமருது, பின்னர் கல்முனைக்குடி, கல்முனைத் தமிழ்ப் பகுதி, பாண்டிருப்பு, மருதமுனை என ஊர்கள் தொடர்கின்றன. தெற்கே நிந்தவூர்; மேற்கே வயல்வெளியைக் கடந்தாற் சம்மாந்துறை. கடலுக்கும் நெல்வயலுக்கும் இடைப்பட்ட இம் மணற்பரப்பிற் கோயில் மணியோசையும் பள்ளிவாசலின் பாங்கொலியும் ஒன்றையொன்று எட்டும் தொலைவிலேயே என்றும் இருந்து வந்துள்ளன. 1892இல் விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவிற் கண்ணகையம்மன் கோயில் எத்துணை முதன்மையுடையதோ, அத்துணை முதன்மை அயலூர்களில் அவ்வவ்வூர்ப் பெரிய பள்ளிவாசலுக்கு உண்டு.

இக்கரையோரத்தில் இரு சமூகத்தாரும் அடிக்கடி எழுப்பும் வினா, 'எது முந்தியது?' என்பதாகும். பழைமை ஆராய்ச்சி போலத் தோன்றினும் அது பெரும்பாலும் காணி பற்றிய வினாவே. 1985 ஏப்ரலிற் காரைதீவிற் தமிழர் வீடுகள் எரியுண்டன. 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்கள் இரண்டில் இராத்தொழுகையில் நின்றோரை விடுதலைப் புலிகள் சுட்டதில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதே மாதத்தில் வீரமுனைப் பிள்ளையார் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர், ஆயுதப்படையினரதும் ஊர்காவற் படையினரதும் கைகளிற் கொலையுண்டனர். இவற்றிற்குப் பின்னர் 'எது முந்தியது' என்னும் வினாவைக் குற்றமற்றதொரு புலமை வினாவாகக் கருதுதல் இயலாது. எனினும் வினா ஆபத்தானது என்பதற்காக வரலாற்றாய்வாளன் அதனைத் தவிர்த்துவிடவும் கூடாது. வினாவையே திருத்தி அமைத்தல் அவனது கடன். இக்கட்டுரையில் நாம் முயல்வது அதுவே.

பள்ளிவாசல் என்னும்போது நாம் இரண்டு பொருள்களை ஒரே சொல்லாற் சுட்டுகிறோம். ஒன்று கட்டடம், மற்றையது நிறுவனம். தமிழகத்தின் கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் இவ்விரண்டும் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கின்றன. அங்கே கருங்கல் உண்டு. கோயிற்பணியிற் பழகிய கற்றச்சர் உண்டு. அவர்களுக்குக் கூலி கொடுக்க வல்ல மரக்கல வணிகரும் இருந்தனர். கோயில் மண்டபத்தூண்களை ஒத்த தூண்களும் போதிகைகளும் கொண்டு, உருவங்களை மட்டும் விலக்கிச் சமைத்த அத் தொழுகைக்கூடங்கள் கட்டடமே சான்றாகும் பேறு பெற்றவை. கல்முனைக் கரையோரத்தின் நிலை வேறு. மணலும் சேறுமே இங்குள்ள நிலம். பாறை மேற்கே வெகுதொலைவில் உள்ளது. கம்பும் வரிச்சும் களிமண்ணும் கொண்டு சுவரெழுப்பிக் கிடுகு வேய்ந்த பள்ளி, பின்னர் முருகைக்கற் சுண்ணாம்பிட்ட சுவரும் ஓட்டுக்கூரையும் பெற்றது. அதன் பின்னர் சீமெந்தும் கொங்கிறீற்றும் வந்தன. ஒவ்வொரு தலைமுறையும் தன் கைக்குச் செழிப்பு வந்தபோது முன்னைய தலைமுறையின் பள்ளியை இடித்துப் பெரிதாகக் கட்டியது. பழையதைப் பேணுவது பக்தியன்று, பெரிதாக்குவதே பக்தி என்பது இவ்வூர்களின் நெடுங்கால எண்ணம். தொல்பொருளியலாளர் இதற்காக வருந்தலாம். ஆயின் மழைக்கு ஒழுகும் கூரையின் கீழ் நின்று தொழுதவனிடம் அவ்வருத்தத்தை எதிர்பார்த்தல் நியாயமன்று. மனிதன் இடிக்காதவற்றைக் காற்றும் கடலும் இடித்தன. 1978 நவம்பர்ச் சூறாவளியும் 2004 திசெம்பர் 26ஆம் திகதிய கடற்கோளும் நம் நினைவெல்லைக்குள் நிகழ்ந்தவை.

ஆகவே இங்கே மத்தியகாலக் கட்டடத்தைத் தேடுவோர் வெறுங்கையுடன் திரும்புவர். மத்தியகாலத்தின் சுவடு கட்டடத்திலன்று, நிறுவனத்திலேயே படிந்துள்ளது என்பது எமது கருத்து. அதனை விளங்கிக்கொள்ள முதலிற் பள்ளி என்னும் சொல்லையே நோக்குதல் வேண்டும்.

பள்ளி தமிழிற் பழைய சொல். படுக்கை, உறைவிடம் என்னும் பொருளினின்று சமண, பௌத்தத் துறவியரின் இருக்கையைக் குறிக்கலாயிற்று. துறவியர் கற்பித்தமையாற் கல்விக்கூடமும் பள்ளியாயிற்று. அரசரும் பிறரும் சமண பௌத்தப் பள்ளிகளுக்கு விட்ட இறையிலி நிலம் பள்ளிச்சந்தம் எனப்பட்டது. 849ஆம் ஆண்டினதாகக் கொள்ளப்படும் கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடுகளில் இச்சொல் கிறித்தவர் வழிபாட்டிடத்தைச் சுட்டி நிற்கிறது. அப்பள்ளிக்குக் காவலாக நின்ற அமைப்புகளுள் அஞ்சுவண்ணமும் மணிக்கிராமமும் குறிப்பிடப்படுகின்றன. சாட்சிகள் அரபு, பாரசீக, எபிரேய எழுத்துகளில் ஒப்பமிட்டனர். வெவ்வேறு சமயத்து வணிகர் ஒரு சாசனத்திற் கூடி நின்ற அக்காட்சி, இந்துமாக்கடல் வணிகத்தின் இயல்பைப் பல நூல்களினும் தெளிவாகக் காட்டுவதாகும். அரசுக்குச் சுங்கம் வேண்டியிருந்தது. வணிகருக்குக் காவலும் உரிமையும் வேண்டியிருந்தன. வழிபாட்டிடம் அவ்விரு தேவைகளும் சந்திக்கும் களமாயிற்று.

பதின்மூன்றாம் நூற்றாண்டிற்கு வரும்போது இது மேலும் தெளிவாகிறது. இராமநாதபுரக் கரையிலுள்ள திருப்புல்லாணிக் கோயிலின் பாண்டியர் காலத்துக் கல்வெட்டு ஒன்று, பவித்திரமாணிக்கப்பட்டினத்துச் சோனகப் பள்ளி ஒன்றுக்கு அரசன் வருவாய் ஒதுக்கியதைக் கூறுகிறது. வைணவக் கோயிற் சுவரிற் சோனகர் பள்ளிக்கான ஆணை பொறிக்கப்பட்டமையைச் சமயப் பொறை என்று மட்டும் புகழ்ந்து விட்டுவிடுதல் எமக்கு உடன்பாடன்று. அக்காலத்திற் குதிரை வணிகம் பாண்டியர் படைப்பலத்தின் உயிர்நாடி. அது அரபு, பாரசீக வணிகர் கையில் இருந்தது. கோழிக்கோட்டுக் குற்றிச்சிறையிலுள்ள முச்சுந்திப் பள்ளியின் அரபு–வட்டெழுத்து இருமொழிக் கல்வெட்டும் அதே நூற்றாண்டினதே. சாமூதிரி அப்பள்ளிக்கு நாள்தோறும் அரிசி அளக்குமாறு செய்த ஏற்பாட்டை அது சொல்கிறது. ஒரு தெருவின் பள்ளிக்கு அரசன் நாளரிசி அளப்பது சிறிய செய்திதான். ஆனாற் பள்ளி எவ்வாறு வாழ்ந்தது என்னும் வினாவிற்கு இதனினும் நேரான விடையில்லை. தொழுகைக்கு ஈமான் போதும். பள்ளிக்கு அரிசி வேண்டும்.

ஈழத்துச் சான்றுகளும் துறைமுகங்களையே சுட்டுகின்றன. கொழும்பில் ஹிஜ்ரி 337ஐ, அதாவது கி.பி. 948ஐ ஒட்டிய காலத்துக் கூபி எழுத்து நடுகல் ஒன்று கிடைத்தது. காலிட் இப்னு அபூ பகாயா என்பாருக்குரிய அக்கல்வெட்டின் மொழிபெயர்ப்பு 1827இல் இலண்டன் வேத்தியல் ஆசியக் கழக வெளியீட்டிற் பதிப்பிக்கப்பட்டது. 1344இல் இங்கு வந்த இப்னு பத்தூத்தா, ஆரியச் சக்கரவர்த்தியின் ஆட்சிக்குட்பட்ட புத்தளக் கரையில் இறங்கிப் பாவாதமலைக்குச் சென்று, தெவிநுவர, காலி, கொழும்பு வழியே மீண்டார். 1409ஆம் ஆண்டின் காலி மும்மொழிக் கல்வெட்டு 1911இற் கண்டெடுக்கப்பட்டது. செங் ஹோவின் கடற்பயணத்தோடு தொடர்புடைய அதிலே சீனமொழிப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெவிநுவரையின் தேனாவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாத்தின் புனிதத்திற்கும் காணிக்கை கூறுகின்றது. மேற்கும் தெற்கும் இவ்வாறு எழுத்துச் சான்று நல்க, கிழக்குக் கரை பேசாதிருப்பது ஏன்? பெருவணிகக் கப்பல் தங்கிச் சரக்கேற்றிய துறைகள் மேற்கிலும் தெற்கிலும் இருந்தன. கல்வெட்டும் அங்கேயே எழுந்தது. கல்வெட்டுப் பொறிப்பித்தவன் வணிகன். மட்டக்களப்புத் தென்கரையின் முஸ்லிமோ பெரும்பாலும் உழவனும் மீனவனும் நெசவாளனுமாவான். உழவன் தன் உரிமையைக் கல்லில் எழுதுவதில்லை, வரம்பில் எழுதுகிறான்.

இவ்வேறுபாட்டைக் காணத் தவறியமையே கடந்த நூற்றாண்டின் பெரும் விவாதமொன்று பயனற்றுப் போனமைக்குக் காரணம். பிரதம நீதியரசராயிருந்த அலெக்சாந்தர் ஜோன்ஸ்ரன் 1827இல் வெளியிட்ட குறிப்பிற் கலீபா அப்துல் மலிக் இப்னு மர்வானின் கொடுமைக்கு அஞ்சி வெளியேறிய ஹாஷிம் குலத்து அரபியர் எட்டு இடங்களிற் குடியேறினர் என்னும் மரபு பதிவாகியுள்ளது. 1888இற் பொன்னம்பலம் இராமநாதன் இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என எழுதினார். 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் அதனை மறுத்து அரபு வழியை நிலைநாட்ட முயன்றார். இரு தரப்பினரும் திறமையானவர்களே. ஆயின் வாதத்தின் பின்னணியில் நின்றது சட்டநிரூபண சபையின் ஆசனம். முஸ்லிம்களுக்கெனத் தனி உறுப்பினர் ஒருவர் 1889இல் நியமனம் பெற்றதை நினைவிற் கொண்டால், ஆண்டுகளின் அண்மை தற்செயலன்று என்பது புலனாகும். கொழும்பின் எழுச்சிபெறு வர்க்கங்கள் இரண்டு, தத்தம் பிரதிநிதித்துவ உரிமையைக் குருதியின் மொழியிற் பேசின. இதிற் கவனிக்க வேண்டிய வேறொன்றும் உண்டு. ஜோன்ஸ்ரன் எண்ணிய எட்டுக் குடியேற்றங்களுள் திருகோணமலை, யாழ்ப்பாணம், மன்னார், புத்தளம், கொழும்பு, பேருவளை, காலி முதலானவை உண்டு; மட்டக்களப்பு இல்லை. ஈழத்து முஸ்லிம்களுட் பெருந்தொகையினர் வாழும், அவர்களது வேளாண்மையின் களமாகிய கரையோரம், அவர்களது தோற்றக்கதையிலேயே இடம்பெறவில்லை! கொழும்பு வணிகரின் வம்சாவளி கல்முனை உழவனின் வரலாறாக முடியாது.

கிழக்கின் வரலாற்றுக்கு நாம் கண்டி இராச்சியத்தின் பக்கம் திரும்புதல் வேண்டும். போர்த்துக்கேயர் தம் ஆட்சிப்பரப்பிலிருந்து முஸ்லிம்களை 1626இல் வெளியேற்றியபோது, கண்டியரசன் செனரத் அவர்களுள் நாலாயிரவரை மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான் எனப் போர்த்துக்கேயப் பாதிரியார் குவெய்றோஸ் எழுதியுள்ளார். 1628இற் போர்த்துக்கேயர் மட்டக்களப்பிற் கோட்டை கட்டியமையும், 1638இல் அதனை ஒல்லாந்தர் இரண்டாம் இராஜசிங்கனுக்காகக் கைப்பற்றியமையும் இக்குடியேற்றத்தின் படைத்துறை நோக்கை விளக்கும். இந்நாலாயிரவரே கிழக்கு முஸ்லிம்களின் தொடக்கம் என்று சிலர் வாதிடுவர். அவ்வாறாயின் பள்ளிவாசல்களின் வரலாறும் பதினேழாம் நூற்றாண்டிலேயே தொடங்கும். இவ்வாதம் எமக்கு ஏற்புடையதன்று. அரசன் ஒருவன் ஏதிலிகளாய் வந்தோரை அனுப்பும்போது, அவர்களை ஏற்கத்தக்க உறவும் தொழிலும் ஏற்கெனவே உள்ள இடத்திற்கே அனுப்புவான். 'மட்டக்களப்பு மான்மியம்' முதலியவற்றிற் பதிவான கதையும் இவ்விடத்துப் பொருளுடையது. முக்குவருக்கும் திமிலருக்கும் மூண்ட போரிற் பட்டாணியர் முக்குவருக்குத் துணை நின்று திமிலரை வெருகல் வரை துரத்தினர். அதற்குக் கைம்மாறாகப் பெண்ணும் நிலமும் பெற்று ஏறாவூரில் அமர்ந்தனர் என்பது அக்கதை. இதனை நிகழ்ச்சிப் பதிவாகக் கொள்வதற்கில்லை. ஆனாற் கதையின் உள்ளீடு கூர்ந்து நோக்கத்தக்கது. வந்தவன் தன் பெண்ணைக் கொண்டுவரவில்லை. இவ்வூர்ப் பெண்ணை மணந்தான். அப்பெண்ணோடு நிலத்தைப் பெற்றான். மணமும் நிலமும் ஒன்றாகவே கைமாறின. இக்கதை ஒரு சமூக ஒப்பந்தத்தின் கதைவடிவம்.

அவ்வொப்பந்தத்தின் பெயரே குடி. மட்டக்களப்புத் தமிழரிடையும் முஸ்லிம்களிடையும் குடி என்பது தாய்வழியாக வரும் குலப்பிரிவு. தாயின் குடியே பிள்ளையின் குடி. ஒரே குடியினுள் மணம் செய்தல் ஆகாது. பொன்னாச்சி குடி போலப் பெண்பெயர் தாங்கிய குடிகள் முஸ்லிம்களிடம் இன்றும் வழங்குகின்றன. திருமணமானதும் கணவன் மனைவியின் இல்லம் புகுவான். வீடும் வளவும் பெண்ணுக்கே சீதனமாகச் செல்லும். முக்குவரின் தாய்வழி உரிமைமுறையை 1876இல் நூலாக வெளியிட்டவர் கிறிஸ்தோபர் பிறிற்றோ. முஸ்லிம்களைப் பொறுத்தவரை, சட்டத்தில் அவர்கள் ஷரீஅத்தின்படி தந்தைவழிப் பங்கீட்டுக்கு உட்பட்டோராயினும், நடைமுறையிற் சீதனத்தின் மூலம் பெண்வழிச் சொத்துரிமை தொடர்ந்தது. தந்தை இறந்தபின் பங்கிடுவதற்கு எஞ்சியிருப்பது சொற்பமே. பெரும்பகுதி அவர் உயிரோடிருக்கும்போதே மகளின் பெயருக்குப் போயிருக்கும். சட்டத்தை மீறாமலே வழக்கம் தன் வழியிற் சென்ற விதம் இது.

இக்குடியமைப்பே பள்ளிவாசலின் ஆட்சியமைப்பாயிற்று. ஊரிலுள்ள குடிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு மரைக்காயர். மரைக்காயர்கள் கூடிய சபையே பள்ளியின் காணி, வரவு செலவு, கந்தூரி, ஊர் வழக்கு ஆகியவற்றைத் தீர்மானித்தது. லெப்பையை அமர்த்துவதும் விலக்குவதும் அச்சபையே. கந்தூரிச் சோறும் குடிவாரியாகப் பங்கிடப்பட்டது. பங்கு கிடைக்காத குடி அவமதிக்கப்பட்ட குடியாகும். இப்போது காரைதீவுப் பக்கம் திரும்பி அயலிலுள்ள தமிழர் கோயில்களை நோக்குவோம். அங்கும் குடிகள், ஒவ்வொரு குடிக்கும் ஒரு வண்ணக்கர், வண்ணக்கர்கள் கூடிக் கோயிலை நடத்துவர், திருவிழா நாள்கள் குடிவாரியாகப் பகிரப்படும், முறை தவறினால் வழக்கு. மரைக்காயரும் வண்ணக்கரும் ஒரே நிறுவனத்தின் இரு பெயர்கள். கடந்த நூற்றாண்டின் அறுபதுகளின் இறுதியில் அக்கரைப்பற்றிற் களஆய்வு தொடங்கிய மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்றே இவ்வொப்புமையை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

இதுவே எமது வாதத்தின் மையம். குடியேறிய நாலாயிரவர் பள்ளியைக் கட்டியிருக்கலாம். குடிமுறையை அவர்கள் கொண்டு வந்திருத்தல் இயலாது. அது நிலத்தோடும் பெண்ணோடும் வந்தது. மட்டக்களப்பின் முக்குவர் ஆதிக்க காலத்து நிலவுடைமைச் சமூகம் தன் வழிபாட்டிடத்தை எவ்விதம் ஒழுங்கமைத்ததோ, அவ்விதமே பள்ளிவாசலும் ஒழுங்கமைந்தது. இப்பள்ளிகள் மத்தியகாலத்தவை என்று நாம் கூறுவது இப்பொருளிலேயே: அவற்றின் சுவர் நேற்றையது, நிருவாகம் மத்தியகாலத்தது. மார்க்கம் மக்காவை நோக்கியது. மரைக்காயர் சபையோ மண்ணை நோக்கியது.

இங்கே ஒரு முரண்பாட்டைச் சுட்டாது செல்லல் முடியவில்லை. பள்ளியைச் சூழ்ந்த குறிச்சியின் வீடும் வளவும் பெண்களின் உடைமை. தாயும் மகள்களும் சகோதரிகளும் அடுத்தடுத்த வளவுகளில் வாழ, ஆண்களே வெளியிலிருந்து மாப்பிள்ளைகளாக வந்து சேர்கின்றனர். ஆயினும் பள்ளியின் அணியில் அப்பெண்களுக்கு இடமில்லை. மரைக்காயராகும் உரிமையும் இல்லை. தாயின் வழியே குடியுரிமை பெற்றவன், அக்குடியின் பெயராற் சபையில் அமர்கிறான். உரிமையைத் தந்தவள் வீட்டிலே தொழுகிறாள். தாய்வழிமுறை பெண்ணாட்சியன்று என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

அணியின் சமத்துவத்தையும் அளவறிந்தே புகழ்தல் வேண்டும். தொழுகை வரிசையிற் போடியாரும் அவர் வயற் கூலியாளும் தோளோடு தோள் நிற்பர். இஃது உண்மை, எளிய உண்மையுமன்று. சாதிக் கோயில்களின் வாயிலில் மனிதர் தடுக்கப்பட்ட காலத்தில் இவ்வரிசைக்குப் பெருமதிப்புண்டு. ஆனால் வரிசை கலைந்தபின் யார் திண்ணையில் அமர்ந்தார், யார் முற்றத்தில் நின்றார் என்பதும் வரலாறே. மரைக்காயர் பதவி பெரும்பாலும் வயலுடைய போடிமாரின் கையிலிருந்தது. கத்னாச் செய்யும் பரம்பரைத் தொழிலாளராகிய ஒஸ்தாமார் தனித்து மணவுறவு கொண்டு வாழ்ந்தனர். லெப்பையின் கூலி நெல்லாகக் களத்திலேயே அளக்கப்பட்டது. அளப்பவர் போடியார் ஆதலின் லெப்பையின் தீர்ப்பும் அவரைப் பெரிதும் முரணிச் செல்வதில்லை. இவ்விடத்து ஒரு சிறு செய்தி. சூடடிக்கும் களத்தில் மட்டுமே வழங்கும் மங்கலச் சொற்களாகிய களத்துமொழி, தமிழ் உழவருக்கும் முஸ்லிம் உழவருக்கும் பொதுவானது. நெல்லைப் பொலி என்பர். குறைவைச் சுட்டும் சொல்லைக் களத்தில் உச்சரியார். மார்க்கத்தால் வேறுபட்ட இருவர் ஒரே களத்தில் ஒரே சொல்லை அஞ்சினர், ஒரே சொல்லை விரும்பினர். மொழியியலாளரின் கவனத்திற்கு இதனை விட்டு மேற்செல்கிறோம்.

உழவரின் பள்ளிக்கு அருகே கடலோடிகளின் பள்ளியும் உண்டு. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசல் நாகூர் ஷாகுல் ஹமீது வலியுல்லாவின் பெயரால் அமைந்தது. பதினாறாம் நூற்றாண்டினராகிய அவரது அடக்கம் நாகூரில் உள்ளது. இங்குள்ளது அவரது நினைவே. ஆண்டுதோறும் ஜமாதுல் ஆகிர் மாதத்திற் கொடியேற்றிப் பன்னிரு நாள் விழா எடுப்பர். நாகூரின் பெருமினாரா ஒன்றைத் தஞ்சை மராட்டிய மன்னன் பிரதாபசிங்கன் எழுப்பினான். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நாகூரார் பெயரிற் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் தர்காக்கள் எழுந்தன. தமிழ்பேசும் முஸ்லிம் கடலோடிகளின் வழித்தடத்தை வரைய விரும்புவோர் இத்தலங்களைக் கோடிட்டு இணைத்தாற் போதும். உடலில்லாத சமாதிகள் சரக்கும் தொழிலாளரும் சென்ற பாதையிலேயே தோன்றின. கல்முனைக்குடி அப்பாதையின் ஒரு நிறுத்தம். இவ்விழாவுக்குத் தமிழ் மக்களும் நேர்த்தி வைத்து வந்தமை இக்கரையிற் பெரியோர் யாவரும் அறிந்தது.

இவ்வமைப்புத் தளர்ந்ததற்கு மார்க்கச் சீர்திருத்தத்தையே பலரும் காரணமாகக் கூறுவர். தௌஹீத் இயக்கத்தினர் கந்தூரியையும் கொடியேற்றத்தையும் வழுவென்று கண்டித்தமை உண்மையே. எமது நோக்கிற் சீர்திருத்தம் பின்னர் வந்தது. பொருளாதாரம் முன்னர் அசைந்தது. 1949இற் கல்லோயாத் திட்டம் தொடங்கியதும் நீரின் கட்டுப்பாடு ஊராரின் வட்டை விதானையிடமிருந்து அரச திணைக்களத்திடம் சென்றது. மேற்கே புதிய குடியேற்றங்கள் எழுந்தன. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்பு சட்டம், பள்ளிவாசல்கள் பதிவு செய்யப்படவும் நம்பிக்கையாளர்கள் வக்பு சபையால் நியமிக்கப்படவும் வழி செய்தது. ஊர் வழக்கத்தைச் சட்டம் மதித்தபோதிலும், மரைக்காயரின் அதிகாரம் இப்போது குடியிலிருந்தன்று, கொழும்புக் கடிதத்திலிருந்து பிறந்தது. ஆசிரியரும் எழுதுவினைஞரும் வணிகரும் எழுந்தனர். எழுபதுகளின் பின்னர் மத்திய கிழக்கிற்குச் சென்றோரின் உழைப்பும் வந்து சேர்ந்தது. கந்தூரிச் சோற்றின் பங்கிலன்றிக் கட்டட நிதிப் பற்றுச்சீட்டிற் பெயர் காண விழையும் வர்க்கம் ஒன்று உருவாகியது. அவ்வர்க்கத்துக்குக் குடி ஒரு பழங்கதை. குவிமாடங்கள் கிழக்குக் கரையின் வடிவத்தை விட்டு வளைகுடாவின் வடிவை மேற்கொண்டது இக்காலத்தேதான்.

சீர்திருத்தவாதிகளை இகழ்வது எமது நோக்கமன்று. போடியாரின் கந்தூரியிற் பங்கு கேட்டு நின்ற ஏழையின் மகன், நூலைக் கையிலெடுத்து 'இது மார்க்கத்தில் இல்லை' என்றபோது அக்குரலில் வர்க்கக் கோபமும் கலந்திருந்தது. அக்கோபம் போடியாரைத் தாண்டி, அயலானோடு பகிர்ந்த களத்தையும் கொடிமரத்தையும் சேர்த்தே மறுத்தமைதான் அதன் துயரம். தமிழரிடையும் இதற்கு இணையான சுருக்கம் நிகழ்ந்துள்ளது. கண்ணகை வழிபாட்டின் ஊர்த்தன்மை குன்றி ஆகமக் கிரியைகளும் இராசகோபுரங்களும் பெருகியபோது வண்ணக்கரின் இடமும் மாறியது. இரு சமூகங்களும் தத்தம் தூய்மையை நோக்கி நடந்தன. நடக்க நடக்க ஒன்றிலிருந்தொன்று விலகின.

2004 கடற்கோளில் அம்பாறை மாவட்டத்திற் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு எனக் கடலை அடுத்திருந்த குறிச்சிகள் சமயம் பாராது அழிந்தன. பின்னர் கரையோரத்தில் மீளக் கட்டுவதற்குத் தடை வலயம் விதிக்கப்பட்டபோது, வீடிழந்தோர் தம் வளவின் உரிமையை நிறுவ வேண்டியதாயிற்று. உரிமை தாய்க்கும் மகளுக்குமிடையே வாய்ச்சொல்லாகவும் சீதன உறுதியாகவும் சென்றிருந்தது. உதவிப் படிவங்களோ குடும்பத்தலைவன் என்று ஆணின் பெயரைக் கேட்டன. பல நூற்றாண்டுகள் நிலைத்த பெண்வழி வளவுரிமைக்கு ஒரு படிவத்தின் கட்டம் ஊறு செய்ய முடிந்தது. குடியின் வரலாற்றை எழுதுவோர் இனித் தேட வேண்டியவை இவையே: சீதன உறுதிகள், வக்பு காணிப் பதிவுகள், பள்ளிக் கணக்குக் கொப்பிகள், கோயில் வண்ணக்கர் வழக்கேடுகள். ஒரு பள்ளியின் கொப்பியை அயற்கோயிலின் வழக்கேட்டோடு அருகருகே வைத்துப் படித்தாலன்றி இரண்டுமே விளங்கா.

கொழும்பிற் பத்தாம் நூற்றாண்டு வணிகனுக்கு எழுத்துப் பொறித்த கல் கிடைத்தது. இக்கரையோர மையவாடிகளிற் பெரும்பாலும் மரத்தாலான மீசான் கட்டைகளே நடப்பட்டன. தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று, பெயரில்லை, ஆண்டில்லை. சில மாரிகளில் அவை உக்கிப்போம். உக்கிய இடத்தில் அடுத்த மையித்துக்குக் குழி வெட்டுவர்.